உன் அம்மா கேட்ட படகு

அன்புள்ள தம்பி,

வியாழக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பரமட்டா ஸ்டேஷனில் ரெயிலுக்காக நின்றபோது பார்த்தேன். சிவப்பு நிறத்தில் மினுக்கம் பூசிய பைபர்கிளாஸ் படகு, பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மோட்டர். "அப்பா, ரெட்ஃபின் பிடிக்க இது ஓகேயா?" என்று கீழே எழுதியிருந்தாய். இரண்டு வருடமாக நீ என்னிடம் கேட்டதெல்லாம் மருந்து எடுத்தீர்களா, கார் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டினீர்களா என்பதுதான். பதில் தெரிந்துகொள்ள விரும்பி நீ கேட்ட முதல் கேள்வி இது. அந்தச் சந்தோஷத்தில் வந்த ரெயிலை விட்டுவிட்டேன். நீ கட்டப்போகிற பிள்ளையை நினைத்து, "நிவேதா என்ன சொல்லுறா?" என்று திருப்பிக் கேட்டேன். நீ உடனே எழுதினாய்: "அவ வரமாட்டா அப்பா. ஷீ இஸ் ஸ்கேர்ட் ஒஃப் வாட்டர்." அதைப் படித்த பிறகு அடுத்த ரெயிலும் போய்விட்டது. போனில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. டூங்கபி வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் கடதாசியை வைத்து மூன்று நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னால் தமிழ் வாசிக்க முடியும், மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். இதை மெதுவாக வாசித்தால் நல்லது.

முதலில் கேட்டதற்குப் பதில். ரெட்ஃபினுக்கு அந்தப் படகு வேண்டாம். ரெட்ஃபின் ஏரியில் கூட்டமாக நிற்கிற மீன். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் மரங்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போய், நின்ற இடத்தில் நின்று, தூண்டிலை நேராகக் கீழே இறக்கிக் காத்திருக்க வேண்டும். ஓடிப் பிடிக்கிற மீன் இல்லை. அப்படியிருக்க அவ்வளவு பெரிய மோட்டர் எதற்கு? நான்கு மீட்டர் அளவில், அகலமான, அடி தட்டையாக இருக்கிற அலுமினியப் படகு போதும். தட்டை அடி நின்ற தண்ணீரில் ஆடாது. ஒருவர் ஒரு பக்கமாகக் குனிந்து மீனைத் தூக்கினாலும் மற்றவர் பயப்படத் தேவையில்லை. ஆனால் அதே தட்டை அடி, காற்று எழும்பி அலை வந்தால் முதுகெலும்பு நோகுமளவுக்கு அடிக்கும், தண்ணீரும் உள்ளே வரும். மெல்பேர்ன் பக்கத்துப் பெரிய ஏரிகளில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறும் என்று சொல்கிறார்கள். மாறுவதற்கு முன்னமே கரைக்கு வந்துவிடு. எத்தனை பேர், எத்தனை கிலோ ஏற்றலாம் என்று படகின் பின்பக்கத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். விலையைக் கேட்பதற்கு முதல் அதை வாசி. உள்ளே தரையில் கார்பெட் போட்டிருக்கிறதா என்று பார். வெறும் அலுமினியத்தில் ஒரு போத்தல் விழுந்தாலே மீன் எல்லாம் போய்விடும். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்குக் கீழே வைக்காதே, போட்டுக்கொண்டு ஏறு.

இதையெல்லாம் கடையில் நிற்கிற எந்தப் பையனும் உனக்குச் சொல்லுவான். அவன் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்வதென்றால், உனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் வீட்டில் முதலில் மீன் பிடித்தது நான் இல்லை, உன் அம்மா. இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். பென்டில் ஹில்லில் முதியோர் இல்லத்துக் குசினியில் அவள் சமையல் வேலை செய்தபோது லிண்டா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கூட வேலை செய்தாள். அம்மாவை விடப் பத்து வயது மூத்தவள், புருஷன் இல்லை. அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஹாக்ஸ்பரி ஆற்றுக்குள் பலகையால் கட்டிய ஒரு சின்ன மரத்துறைக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்கு அம்மா கை அகல பிரீம் மீன் இரண்டோடு வீட்டுக்கு வந்தாள். அவள் முகத்தை நான் அப்படி முன்பு பார்த்ததில்லை. வேலையில் ஒருவர் புகழ்ந்தாலும், நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாலும் வருகிற சிரிப்பு வேறு. இது தனக்கே தனக்கென்று ஒன்று கிடைத்தவளின் சிரிப்பு. அந்த இரண்டு மீனையும் சமைக்க மனமில்லாமல் ஒரு கிழமை ஃப்ரீசரில் வைத்திருந்தாள். பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறு லிண்டாவோடு போவாள். நீ கிரிக்கெட்டுக்குப் போய்விடுவாய், நான் ஓவர்டைம் செய்வேன். நாங்கள் இருவரும் வீட்டுக்கு வரும்போது அவளும் வந்து சமைத்து முடித்திருப்பாள். அன்றைய நாள் எப்படிப் போனது என்று நாம் அவளைக் கேட்டதே இல்லை.

ஒரு நாள் அவள் என்னிடம் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, துறையில இருந்து எறிஞ்சால் கிட்டத்து மீன்தான் வருது. சின்னதா ஒரு போட் இருந்தால் அந்த மரத்தடிக்குள்ள போகலாம். லிண்டாவும் சொல்லுறா. பெருசா வேண்டாம். நாங்கள் ரெண்டு பேர் இருக்கிற அளவுக்கு."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். படகு வாங்கலாம் என்ற பாதியை மட்டும். ரெயில்வேயில் என்னோடு வேலை செய்த மூன்று நண்பர்கள் உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கு வந்தால் உன்னைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து யோசனை சொன்னார்கள். சின்னப் படகு என்றால் சிரிப்பார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருடம், கை நீட்டிக் காட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை. ஐந்தரை மீட்டரில், பாதிக் கூரை போட்ட, பக்கங்கள் இடுப்பளவு உயரமான வெள்ளைப் படகு ஒன்றை வாங்கி வந்தேன். கடலுக்குப் போகலாம், ஆழத்தில் பெரிய மீன் பிடிக்கலாம் என்றோம். அதை ட்ரெய்லரில் வைத்து நம் ரோட்டுக்குள் திருப்பியபோது அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்தார்கள். நீ அதற்குள் ஏறிக் குதித்தாய். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்த உயரம் அவள் நெஞ்சுக்கு வந்தது. "இதுக்குள்ள என்னண்டு ஏறுறது?" என்று கேட்டாள். "ஏறலாம், ஏறலாம்" என்றேன். "அதுக்குள்ள டொய்லெட் இருக்கோ? நாள் முழுக்கக் கடலில நிண்டால் நான் என்ன செய்யிறது?" என்று மெதுவாகக் கேட்டாள். நண்பர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அவள் கைகளை மறுபடி துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த முதல் நாள் உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. படகை நீரில் இறக்குகிற கொங்கிரீட் சரிவில் பாசி பிடித்திருந்தது. அந்த இடத்தில் ஏறுவதற்குத் துறை இல்லை. முழங்கால் தண்ணீருக்குள் நடந்துபோய்ப் பின்னால் இருந்த சின்ன ஏணியில் கால் வைத்து ஏற வேண்டும். அம்மாவின் இடது முழங்கால் அப்போதே பழுது. நாள் முழுக்கக் குசினியில் நின்று வந்த நோவு. அவள் விடியவே எழும்பி எல்லாருக்கும் சாண்ட்விச் கட்டி, தன் தூண்டிலையும் கொண்டு வந்திருந்தாள். லிண்டா அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்த தூண்டில். நீயும் நண்பர்களும் ஏறிவிட்டீர்கள். நான் மோட்டரடியில் நின்றேன். அவள் ஏணியில் ஒரு கால் வைத்தாள், படகு அசைந்தது, மற்றக் கால் வழுக்கியது. உடுப்போடு தண்ணீருக்குள் விழுந்து இருந்துவிட்டாள். தூண்டில் அவளுக்குக் கீழே முறிந்தது. மேலேயிருந்து எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, யாரும் விழுந்தால் வருகிற சிரிப்புத்தான். நீயும் சிரித்தாய். அதற்காக உன்னை நீ குறை சொல்லாதே. உன் அப்பா சிரித்ததைப் பார்த்துத்தான் நீ சிரித்தாய்.

நான் இறங்கிக் கை கொடுத்திருக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் நின்றபடி, "நான் சொன்னனான் தானே, உனக்கு இது சரிவராது எண்டு" என்றேன். நான் அப்படி முன்பு சொல்லியிருக்கவே இல்லை. நண்பர்களுக்கு முன்னால் வெட்கமாக இருந்தது, அதனால் ஒரு பொய். அவள் தானே எழும்பினாள். சாண்ட்விச் பையை மட்டும் என்னிடம் எட்டித் தந்தாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் காருக்குள்ள இருக்கிறன்" என்றாள். தம்பி, நாங்கள் போனோம். அதுதான் நான் உனக்கு ஒப்புக்கொள்ள வேண்டியது. அவளை ஈர உடுப்போடு கார் பார்க்கில் விட்டுவிட்டு ஐந்து மணித்தியாலம் கடலில் நின்றோம். படகு கரையை விட்டுப் புறப்படும்போது நீ பின்னால் பார்த்து, "அம்மா வரேல்லையா?" என்று கேட்டாய். அதற்கு நான் சொன்னேன்: "அம்மாவுக்குத் தண்ணி எண்டால் பயம்."

அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள் கொண்டு வந்தது நான்தான். அன்று பின்னேரம் காரில் நீ பின் சீட்டிலிருந்து அவளிடம், "அம்மா, உங்களுக்குத் தண்ணி பயமா? அப்பா சொன்னவர்" என்று கேட்டாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். சும்மா பார்த்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் உன் பக்கம் திரும்பி, "ஓம் ராசா, பயம்" என்றாள். அதன் பிறகு பதின்மூன்று வருடம் எல்லாருக்கும் அது உண்மையாகிவிட்டது. யாராவது வீட்டுக்கு வந்து படகைப் பார்த்து, "அன்ரி, நீங்கள் போறதில்லையோ?" என்றால், நான் வாய் திறப்பதற்கு முன்னமே அவள் சொல்லிவிடுவாள், எனக்குத் தண்ணி பயம் என்று. கொஞ்சக் காலம் லிண்டாவோடு துறைக்குப் போனாள். பிறகு லிண்டா வேலையை விட்டு ஆற்றுப் பக்கமே குடிபோனாள், அம்மாவுக்கும் முழங்கால் நோவு கூடிவிட்டது, அதுவும் நின்றது. நான் அந்த வெள்ளைப் படகில் வருடத்துக்கு ஆறு தடவை போயிருப்பேன். மிச்ச நாள் அது வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி நின்றது. அவள் துணி காயப்போட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அவளுக்கு வருத்தம், பெரிய நோய், என்று தெரிந்தபோது நீ மெல்பேர்னில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். முதல் சிகிச்சை முடிந்து அவள் கொஞ்சம் தேறியிருந்த ஒரு காலை, ஜன்னலோரக் கதிரையில் இருந்தபடி வெளியே படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருக்காப் போவமா?" என்றாள். எங்கே என்று கேட்டேன். "தண்ணிக்கு" என்றாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். முப்பது வருடக் கலியாணத்தில் முதல் தடவை. "உனக்கு எப்பிடிப்பட்ட போட் வேணும்?" என்றேன்.

அவள் யோசிக்கவேயில்லை. எத்தனை வருடமாக மனதில் செய்து வைத்திருந்தாளோ, ஒரே மூச்சில் சொன்னாள். "பக்கம் என்ர முழங்கால் உயரத்துக்கு மேல இருக்கக் கூடாது. காலைத் தூக்கி வைச்சு உள்ள போகோணும். முதுகு சாய்க்கிற கதிரை ஒண்டு முன்னுக்கு. அடி தட்டையா, நான் எழும்பி நிண்டால் ஆடாமல். பிடிக்க ஒரு கம்பி. மோட்டர் சத்தம் போடக் கூடாது, கதைச்சால் கேக்கோணும். தூரம் போகத் தேவையில்லை, கரை தெரிஞ்சால் காணும். டொய்லெட்டுக்கு உடன வந்திடலாம்."

தம்பி, பிறகு நான் எத்தனையோ பேரிடம் கேட்டேன், எத்தனையோ படகு பார்த்தேன். நின்ற தண்ணீரில், அமைதியாக மீன் பிடிப்பதற்கு, அவள் சொன்னதைவிடச் சரியான படகை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மேலே உனக்கு எழுதிய புத்தியில் பாதி அவளுடையது.

வெள்ளைப் படகை அந்தக் கிழமையே விற்றேன். பென்ரித்துக்கு அப்பால் ஒரு கிழவர் அலுமினியப் படகு கட்டிக் கொடுப்பார் என்று அறிந்து போனேன். அவள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "நல்லா யோசிச்ச ஆள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "மனைவி" என்றேன். படகு தண்ணீரில் சமமாக நிற்க வேண்டுமென்றால் பாரம் எங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டும். பின்னால் நான், பேட்டரி, மோட்டர். முன் கதிரையில் இருப்பவர் எத்தனை கிலோ என்று கேட்டார். "அறுபத்திரண்டு" என்றேன். அது அவளுடைய பழைய எடை. அந்தக் கிழமை ஆஸ்பத்திரித் தாளில் நாற்பத்து மூன்று என்று இருந்தது. அதை என் வாயால் சொல்ல முடியவில்லை. மெலிந்தவள் திரும்பவும் உடம்பு வைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகு செய்து முடிய மூன்று மாதம். அதற்குள் வருத்தம் திரும்பி வந்துவிட்டது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை, அவசரப்பட்டு வரவேண்டாம்" என்று சொன்னதும் நான்தான். உன் புது வேலைக்கு இடைஞ்சலாகக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டது உண்மை. ஆனால் அவள் கேட்டதற்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. நீ உடனே புறப்பட்டு வந்தால், முடிவு வந்துவிட்டது என்று ஆகிவிடும். அது எனக்குப் பயமாக இருந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஒரு வெள்ளிக்கிழமை படகைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு. சனிக்கிழமை காலையில் அவளால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. பத்து மணிபோல என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு எனக்கு ஏலாது. இஞ்சயே ஏத்துங்கோ" என்றாள். எதில் என்று கேட்டேன். "போட்டில. இப்ப. வெயில் வரமுதல்" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன். ட்ரெய்லரில் நின்றதால் படகு உயரமாக இருந்தது. அவளோ பாரமே இல்லாமல் இருந்தாள். முன் கதிரையில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். "லைஃப் ஜாக்கெட்" என்றாள். போட்டுவிட்டேன். "தூண்டில்" என்றாள். கொடுத்தேன். கம்பியைப் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தின் உயரத்தைக் கையால் அளந்தாள், காலால் தரையில் தட்டிக் கார்பெட் சத்தம் தருகிறதா என்று பார்த்தாள். முன்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கை காட்டினார். அவளும் காட்டினாள்.

"மோட்டரைப் போடுங்கோ" என்றாள். பின்னால் ஏறி இருந்து சுவிட்சைப் போட்டேன். காற்றில் விசிறி சுற்றுவது போல ஒரு சின்னச் சத்தம். கண்ணை மூடிக் கேட்டாள். "சத்தமே இல்லை" என்றாள். கம்பியில் கையை வைத்தபடி, "நல்ல போட். எல்லாம் நான் சொன்னபடி செய்திருக்கிறியள்" என்றாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கார் பார்க்கில் விட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள், அந்தப் பார்வையை இனித் தாங்க முடியாது என்று விட்டுவிட்டேன். ஒரு மணித்தியாலம் அப்படி இருந்தோம். திங்கட்கிழமை ஆம்புலன்ஸ் வந்தது. புதன்கிழமை நீ வந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

செத்தவீடு முடிந்த மறுநாள் வாசலில் அந்தப் புதுப் படகைப் பார்த்துவிட்டு நீ என்னிடம் சொன்னாய்: "அம்மா சாகக் கிடக்கேக்க உங்களுக்கு இன்னொரு போட் கேட்டதோ அப்பா?" நீ அன்றைக்கே மெல்பேர்னுக்குப் போய்விட்டாய். நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று இப்போது உனக்கு விளங்கும். அந்தப் படகு யாருடையது என்று சொல்ல வேண்டுமென்றால், அவள் பயந்தவள் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அந்தப் பொய்யை யார் சொன்னது என்றும் சொல்ல வேண்டும். உன் கோபத்தைச் சுமப்பது எனக்கு அதைவிட லேசாக இருந்தது.

நிவேதாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உண்மையிலேயே அவளுக்குத் தண்ணீர் பயமாக இருக்கலாம். நிறையப் பேருக்கு இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அவள் உன்னிடம் சொன்னாளா, நீ அவளுக்காகச் சொன்னாயா என்று மட்டும் யோசித்துப் பார். படகின் படத்தைக் காட்டாமல் அவளிடம் கேள். கடைக்குப் போவதற்கு முதல், நண்பர்களிடம் கேட்பதற்கு முதல், என்னிடம் கேட்பதற்கும் முதல். வரமாட்டேன் என்றால் விட்டுவிடு. வருகிறேன் என்றால் அவள் சொல்கிற ஒவ்வொன்றையும் எழுதிக்கொள், சிரிக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன மாதம் அந்தப் படகை முதல் தடவையாகத் தண்ணீரில் இறக்கினேன். இரண்டு வருடமாகத் தொடவில்லை. ஹாக்ஸ்பரியில் அம்மா போகிற அந்த மரத்துறைக்கே கொண்டு போனேன், தனியாக. இறக்கி, பின்னால் இருந்து மோட்டரைப் போட்டேன். முன்பக்கம் எழும்பிவிட்டது. என் பாரமும் பேட்டரியும் பின்னால், முன் கதிரை வெறுமை. மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. எனக்கு முன்னால் தண்ணீர் தெரியவில்லை, அந்தக் கதிரைதான் தெரிந்தது. ஐம்பது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

துறையில் ஒரு கிழவி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். படகைக் கட்டும்போதுதான் அடையாளம் தெரிந்தது, லிண்டா. அவளும் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா போன செய்தி அவளுக்குத் தெரிந்திருந்தது. படகை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே காலைத் தூக்கி உள்ளே வைத்து முன் கதிரையில் இருந்துகொண்டாள். படகு சமமாகிவிட்டது. மரத்தடிப் பக்கம் மெதுவாகப் போனோம். ஆடவில்லை, சத்தமில்லை, அவள் முன்னால் இருந்து சாதாரணமாகப் பேசியது பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. சரியான படகுதான், தம்பி. கொஞ்சமும் குறை இல்லை.

உன் அம்மாவைப் பற்றி லிண்டா ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். "சாந்தி உன்மேல் கோபமாக இருந்ததே இல்லை. எனக்குத்தான் கோபம். நீயே ஒரு சின்னப் படகு வாங்கேன் என்று அவளிடம் எத்தனை தடவை சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவருக்கு வயது போகும், பெரிய படகு கனக்கத் தொடங்கும், அப்போது தானாகவே சின்னதுக்கு வருவார், நான் அவரோடுதான் போகப் போகிறேன், அவசரமில்லை என்பாள்."

நான் மோட்டரை நிறுத்தினேன். அவள் பொறுத்துக்கொண்டாள் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அவள் பொறுத்துக்கொண்டு இருக்கவில்லை. காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். லிண்டா திரும்பிப் பார்க்காமல், தூண்டிலைப் பிடித்தபடி, நான் அழுது முடிக்கும்வரை இருந்தாள்.

இதை நாளைக்குத் தபாலில் போடுவேன். வாசித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். எழுதி அனுப்பாதே, போன் எடு. என்ன வேண்டுமானாலும் சொல்லு. இந்த முறை நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், முழுவதையும் கேட்பேன்.

உன்
அப்பா